எஞ்சினுக்குப் பெயர் தந்த மாணவர்

ரயில்வேயில் ஊழியம் புரியும் நம்மவர் நாள்தோறும் பல முறை உச்சரிக்கும் சொல் டீசல். டீசல் ஷெட், டீசல் டிரைவர், டீசல் இருப்புக் கணக்கு என்று எங்கு திரும்பினும் அச்சொல்லே. அஃது ஓர் எண்ணெயின் பெயர் என்றே பலரும் கருதியிருக்கின்றனர். உண்மையில் அது ஒரு மனிதரின் பெயர். எண்ணெய்க்கு முன் எஞ்சினுக்கும், எஞ்சினுக்கு முன் பாரிஸ் நகரத்துத் தோல் தொழிலாளி ஒருவரின் மகனுக்கும் உரியதாயிருந்த பெயர்.

அவருடைய வரலாற்றை இவ்வாண்டு மலருக்கு எழுத முற்பட்டதற்கு ஒரு காரணம் உண்டு. நம் சங்கத்துக் குடும்பங்களில் பிள்ளைகள் பள்ளிப் படிப்பை முடிக்கும் காலம் வந்ததும், இயந்திரப் பொறியியலில் சேர்ப்பதா வேண்டாமா என்ற பேச்சு எழுகிறது. கல்லூரியில் கணக்கும் சூத்திரமும் படித்து என்ன பயன், பட்டறையில் கை கறுத்தவனுக்கன்றோ இயந்திரம் வசப்படும் என்பார் ஒரு சாரார். படியாதவன் எத்தனை காலம் ஸ்பேனர் பிடித்தாலும் படியாதவனே என்பார் மற்றொரு சாரார். மெட்ரிகுலேஷனோடு நின்ற நமக்கு இவ்வழக்கில் தீர்ப்புக் கூறும் தகுதி இல்லை. ஆயினும் ரூடால்ப் டீசலின் வாழ்க்கை முழுவதுமே இவ்வழக்கின் விசாரணையாக நடந்தது என்று நமக்குத் தோன்றுகிறது.

1858-ஆம் ஆண்டு மார்ச் 18-ஆம் நாள் பாரிஸில் அவர் பிறந்தார். பெற்றோர் ஜெர்மானியர், பவேரியா நாட்டினின்றும் பிழைப்புத் தேடிச் சென்று பாரிஸில் குடியேறியவர்கள். தந்தையார் தியோடர் புத்தகம் கட்டும் தொழிலில் பயின்றவர். பின்னர் தோற்பைகள் முதலியன செய்து விற்றார். செய்த பொருள்களைத் தள்ளுவண்டியில் ஏற்றி வாடிக்கையாளர் வீடுகளுக்குக் கொண்டு சேர்ப்பது சிறுவன் ரூடால்பின் வேலை. பிற ஊரில் பிழைக்கப் போன குடும்பத்தின் நிலை நாம் அறியாததன்று. வீட்டில் ஒரு மொழி, வீதியில் ஒரு மொழி. இரண்டிலும் அவன் தேர்ந்தான்.

1870-இல் பிரான்சுக்கும் பிரஷ்யாவுக்கும் போர் மூண்டது. பாரிஸிலிருந்த ஜெர்மானியர் வெளியேற வேண்டியதாயிற்று. குடும்பம் லண்டனுக்கு ஓடியது. அங்கும் வறுமை. பன்னிரண்டு வயதுப் பிள்ளையைப் போர் முடியுமுன்னரே ஜெர்மனியில் ஆவ்க்ஸ்பர்க் நகரத்திலிருந்த உறவினரிடம் அனுப்பிவைத்தனர். அவ்வீட்டுத் தலைவரான கிறிஸ்டோப் பார்னிக்கெல் அவ்வூர்த் தொழிற்பள்ளியின் கணித ஆசிரியர். சிறுவனுக்கு வாய்த்த நற்பேறு அது. வீட்டில் இட்ட சோற்றோடு கணக்கும் கிடைத்தது. பதினான்கு வயதில், தான் பொறியியல் வல்லுநனாகப் போவதாகப் பெற்றோருக்குக் கடிதம் எழுதிவிட்டான். 1873-இல் வகுப்பில் முதல் மாணவனாகத் தேறினான்.

இரண்டாண்டு கழித்து மியூனிக் நகரத்து அரசாங்கப் பாலிடெக்னிக் அவனுக்கு உபகாரச் சம்பளம் அளிக்க முன்வந்தது. இங்கே ஒரு சொல் விளக்கம் தேவை. நம் நாட்டில் பாலிடெக்னிக் என்றால் டிப்ளமா படிப்பு. அந்நாளைய மியூனிக் பாலிடெக்னிக் அப்படிப்பட்டதன்று; அதுவே பல்கலைக்கழகத் தரத்தில் பொறியியல் கற்பித்த உயர்நிலையம். 1877-இல் பெயரும் உயர்தொழில்நுட்பக் கல்லூரி என்று மாறியது. பெற்றோருக்கு மகன் மேற்படிப்புக்குப் போவதில் விருப்பமில்லை. பையன் சம்பாதிக்கத் தொடங்கினால் குடும்பத்துக்கு உதவுமே என்பது அவர்கள் எண்ணம். அவர்களைக் குறை கூற நமக்கு நா எழவில்லை. பதினேழு வயது மகன் முதன்முதலாகப் பெற்றோர் சொல்லைத் தட்டி மியூனிக் சென்றான். உபகாரச் சம்பளம் போதாதபோது பிற மாணவர்க்குப் பாடம் சொல்லிக் கொடுத்துச் செலவைச் சரிக்கட்டினான்.

அந்நாளில் இயந்திரப் பொறியியல் ஓர் இளங்கலை. இயந்திரங்கள் பெருகியிருந்தன; அவற்றின் தத்துவம் பின்னால் நடந்து வந்துகொண்டிருந்தது. நியூகோமனும் வாட்டும் நீராவி எஞ்சினைச் செய்து முடித்து நெடுங்காலம் சென்ற பின்னரே, 1824-இல், பிரெஞ்சுக்காரர் சாடி கார்னோ வெப்பத்திலிருந்து அதிகபட்சம் எவ்வளவு வேலை வாங்க இயலும் என்ற கேள்வியை எழுப்பினார். மியூனிக்கில் அத்தத்துவத்தைக் கற்பித்தவர் கார்ல் லிண்டே. பனிக்கட்டி செய்யும் குளிர்பதன இயந்திரங்களால் பின்னாளில் பெரும் புகழ் எய்தியவர். தத்துவம் பேசும் வாயும் இயந்திரம் செய்யும் கையும் ஒருங்கே அமைந்த ஆசிரியர் எந்நாட்டிலும் அரியர்.

1878-ஆம் ஆண்டு. லிண்டே ஒரு வகுப்பில் நீராவி எஞ்சினைப் பற்றி விளக்கினார். நிலக்கரியில் அடங்கிய வெப்பத்தில் நூற்றுக்கு ஆறு முதல் பத்துப் பங்கு மட்டுமே பயனுள்ள வேலையாகிறது என்றார். எஞ்சியது புகைபோக்கி வழியாகவும், வேலை முடித்து வெளியேறும் ஆவி வழியாகவும் வீணாகிறது. நாம் சிறுவராயிருந்த நாளில் ஸ்டேஷனில் நின்று வியந்து பார்த்த நீராவி எஞ்சினின் கம்பீரமான பெருமூச்செல்லாம், கணக்குப்படி பார்த்தால், பணம் வானத்தில் கலப்பதேயாகும். தொடர்ந்து, கார்னோ காட்டிய இலட்சிய முறையை லிண்டே கரும்பலகையில் வரைந்தார்: வெப்பநிலை ஏறாதவாறு எரிபொருள் எரிந்து, தந்த வெப்பம் முழுதும் வேலையாக மாறும் நிலை. எல்லா மாணவரும் அதைப் படியெடுத்தனர். இருபது வயது டீசல் மட்டும் தம் குறிப்பேட்டின் ஓரத்தில், இதை நடைமுறையில் செய்ய இயலுமா என்று ஆராய வேண்டும் என்று ஒரு வரி குறித்துவைத்தார். அவ்வரியினின்றும் அவர் பின்னர் விடுபடவே இல்லை.

மறு ஆண்டு இறுதிப் பரீட்சை எழுத வேண்டிய வேளையில் டைபாய்டு ஜுரம் அவரைப் படுக்கையில் தள்ளியது. பரீட்சை தவறிற்று. அடுத்த வாய்ப்பு வரும் வரை வெறுமனே இருக்கவில்லை. சுவிட்சர்லாந்தில் வின்டர்தூர் நகரத்துச் சுல்சர் சகோதரர் தொழிற்சாலையில் சேர்ந்து கைத்தொழில் பயின்றார். 1880 ஜனவரியில் பரீட்சை எழுதி மிக உயர்ந்த சிறப்புடன் பட்டம் பெற்றார்.

அடுத்த பத்தாண்டுகள் பனிக்கட்டித் தொழிலில் கழிந்தன. லிண்டேயே தம் மாணவரைப் பாரிஸ் தொழிற்சாலைக்கு அழைத்துக்கொண்டார். ஓராண்டில் டீசல் அதன் நிருவாகியானார். 1883-இல் மார்த்தா பிளாஷே என்னும் மங்கையை மணந்தார், மக்கள் மூவர். வேலை நேரம் போக மீதி நேரத்தில் அம்மோனியா ஆவியால் இயங்கும் எஞ்சின் ஒன்றைச் செய்ய முயன்றார். ஆண்டுகள் பல போயின, எஞ்சின் வரவில்லை. 1890-இல் குடும்பத்தோடு பெர்லினுக்கு மாறினார்.

அம்மோனியா தோற்ற இடத்தில் காற்று கைகொடுத்தது. சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பாகம் சுடுவதை யாவரும் அறிவர். காற்றை நெருக்கினால் அது சூடேறும். மிகக் கடுமையாக நெருக்கினால், எரிபொருள் பட்டவுடன் பற்றிக்கொள்ளும் அளவுக்குச் சூடேறும். அப்படியானால் பாய்லர் எதற்கு? தீப்பொறி எதற்கு? சிலிண்டருக்குள் வெறுங்காற்றை நெருக்கி, உச்சத்தில் எரிபொருளைச் சிறிது சிறிதாகச் செலுத்தினால், வெப்பம் பிறக்கும் இடத்திலேயே பிஸ்டனைத் தள்ளிவிடுமே. இதுவே அவர் கண்ட வழி. 1892 பிப்ரவரியில் காப்புரிமைக்கு விண்ணப்பம் செய்தார். மறு ஆண்டு, நீராவி எஞ்சினுக்கு மாற்றாகப் பகுத்தறிவுக்கு இசைந்த வெப்ப எஞ்சின் ஒன்றின் தத்துவத்தையும் அமைப்பையும் கூறும் நூலை வெளியிட்டார்.

இப்போது ஓர் உண்மையைச் சொல்லியாக வேண்டும். புகழுரை எழுதுவோர் பலர் இதை விட்டுவிடுகின்றனர். அந்நூலின் கணக்கு நடைமுறைக்கு ஒவ்வாதது. கார்னோவின் இலட்சியத்தை அப்படியே எட்டிவிடலாம் என்று நம்பி, காற்றை 250 வளிமண்டல அழுத்தத்துக்கு நெருக்குவதாக அவர் திட்டமிட்டிருந்தார். அக்காலத்து இரும்பு வேலைக்கு அது எட்டாக் கனி. அன்றியும் வெப்பநிலை ஏறாமல் எரிக்க வேண்டுமானால் எரிபொருளை மிகச் சிறிதாகவும் காற்றை மிக அதிகமாகவும் கொள்ள வேண்டும். கிடைக்கும் ஆற்றல் எல்லாம் அக்காற்றை நெருக்குவதற்கும் உராய்வுக்குமே சரியாகிவிடும். வெளியே கொடுக்க ஒன்றும் மிஞ்சாது. வகுப்பில் கேட்ட இலட்சியம் வரி பிசகாமல் நடைமுறைக்கு வராது. டீசல் இதனை 1893-லேயே உணர்ந்துகொண்டார். அழுத்தத்தைப் பெரிதும் குறைத்து, வெப்பநிலைக்குப் பதிலாக எரியும்போது அழுத்தம் மாறாதிருக்கச் செய்யும் முறைக்கு வந்து, அதே ஆண்டு நவம்பரில் இரண்டாம் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். ஆனால் மாற்றிக்கொண்டதை ஊரறிய உரக்கச் சொல்லவில்லை. அதன் விலையைப் பின்னர்க் கொடுத்தார்.

எஞ்சினைச் செய்து பார்க்க ஆவ்க்ஸ்பர்க் இயந்திரத் தொழிற்சாலை இடம் தந்தது. அதன் தலைவர் ஹைன்ரிக் புட்ஸ் முதலில் மறுத்து, பின்னர் இசைந்தவர். எஸ்ஸன் நகரத்துக் க்ரூப் நிறுவனமும் கூட்டுச் சேர்ந்து, ஆண்டுக்கு 30,000 மார்க்கு டீசலுக்குச் சம்பளமாக அளித்தது.

1893 ஆகஸ்டு 10-ஆம் நாள் முதற் சோதனை. பட்டறையின் சுழல்தண்டிலிருந்து பெல்ட்டின் மூலம் எஞ்சினைச் சுற்றவைத்து, உள்ளே பெட்ரோலைச் செலுத்தினர். இடி இடித்தாற்போல் ஓசை. அழுத்தம் 80 வளிமண்டலத்தைத் தாண்டிற்று. அழுத்தம் காட்டும் கருவி வெடித்துச் சிதறியது. ஆட்களுக்கு ஊறு ஒன்றுமில்லை. எஞ்சின் தானாக ஒரு சுற்றும் சுற்றவில்லை. ஆனால் நெருக்கிய காற்றில் எரிபொருள் தானே பற்றும் என்பது ஐயமறத் தெரிந்துவிட்டது. பிறர் தோல்வி என்ற அந்நாளை டீசல் வெற்றி என்றே கொண்டார்.

பிறகு தொடங்கியது உண்மையான படிப்பு. பிஸ்டன் வளையங்கள் கசிந்தன. வால்வுகள் கருகின. எண்ணெயை அத்தனை அழுத்தத்துக்கு எதிராக எப்படி உள்ளே புகுத்துவது என்பதே பெரும் பாடாயிற்று. கடைசியில் அதைவிட அதிக அழுத்தமுள்ள காற்றினாலேயே ஊதிப் புகுத்தினர். இவற்றில் ஒன்றுக்கும் குறிப்பேட்டில் விடை இல்லை. பட்டறைத் தொழிலாளிகளும் தொழிற்சாலைப் பொறியாளரும் அவரோடு கூடி ஒவ்வொன்றாக இடர் களைந்தனர். 1894 பிப்ரவரி 17-ஆம் நாள் எஞ்சின் முதன்முதலாகத் தன் சக்தியால் ஓடிற்று: ஒரு நிமிடம், 88 சுற்று. அதுவரை எஞ்சினை இழுத்துக்கொண்டிருந்த பெல்ட்டை இப்போது எஞ்சினே இழுக்கிறது என்பதை அருகில் நின்ற தொழிலாளி ஒருவர்தாம் முதலில் கண்டாராம். வாய் பேசாமல் தொப்பியைக் கழற்றி வணங்கினாராம். நமக்கு இவ்வரலாற்றில் மிகவும் பிடித்த இடம் இதுவே.

மேலும் மூன்றாண்டுகள் ஓடின. 1897-இல் அதே பிப்ரவரி 17-ஆம் நாள், மூன்றாவது எஞ்சினை முறைப்படி அளந்து சான்று கூற ஒருவர் வந்தார். அவர் மியூனிக் கல்லூரிப் பேராசிரியர் மோரிட்ஸ் ஷ்ரோட்டர். கேள்வியை எழுப்பிவிட்ட கல்லூரியே விடையைத் திருத்தவும் வந்தது. நிமிடத்துக்கு 154 சுற்றில் ஏறத்தாழ 18 குதிரைச் சக்தி; எரிபொருளின் வெப்பத்தில் நூற்றுக்கு 26 பங்குக்குச் சற்று மேல் வேலையாயிற்று. வகுப்பறையில் கேட்ட ஆறும் பத்தும் எங்கே, இந்த இருபத்தாறு எங்கே! கார்னோவின் எல்லைக்கு இன்னும் வெகு தூரந்தான். ஆனால் அன்று உலகில் இருந்த எந்த வெப்ப எஞ்சினும் அதன் அருகில் வரவில்லை. ஜூன் மாதம் காஸல் நகரில் கூடிய ஜெர்மன் பொறியாளர் சங்கத்தில் டீசலும் ஷ்ரோட்டரும் அடுத்தடுத்து நின்று உரையாற்றினர்.

செல்வம் வெள்ளமாய்ப் பெருகிற்று. அமெரிக்க உரிமையை மதுபானத் தொழிலதிபர் அடால்பஸ் புஷ் 10 லட்சம் மார்க்கு கொடுத்து வாங்கினார். 1898-இல் உரிமைகளையெல்லாம் 35 லட்சம் மார்க்குக்கு ஒரு கம்பெனிக்கு மாற்றினார். அதில் ஒரு பகுதி பங்குப் பத்திரம். மியூனிக்கில் மாளிகை எழும்பியது. ஆனால் விற்ற எஞ்சின்கள் பல ஊர்களில் நின்றுவிட்டன. சோதனைச் சாலையில் வல்லார் கையில் ஓடியது, வாங்கியவர் கையில் ஓடவில்லை. புகார்களும் வழக்குகளும் சூழ, அவ்வாண்டின் பிற்பகுதியில் அவர் நரம்புத் தளர்ச்சியுற்று மருத்துவ விடுதியில் படுத்தார். நில வியாபாரத்தில் இட்ட முதலும் கரைந்தது. இயந்திரத்தின் இழப்பை நூற்றுக்கு இத்தனை என்று கணக்கிட்டவர், தம் பணப்பெட்டியின் இழப்பைக் கணக்கிடவில்லை.

எஞ்சினோ அவரை விட்டு வளர்ந்துகொண்டே போயிற்று. 1900-ஆம் ஆண்டுப் பாரிஸ் பொருட்காட்சியில் நிலக்கடலை எண்ணெயில் ஒரு சிறு டீசல் எஞ்சின் ஓடியது. டீசல் தம் எஞ்சினைக் கடலை எண்ணெய்க்கென்றே படைத்தார் என்று சிலர் எழுதுவது பிழை. பிரெஞ்சு அரசாங்கத்தின் விருப்பத்தால் வேறொரு கம்பெனி ஓட்டிக் காட்டியது அது. 1907-இல் மியூனிக் கல்லூரி தன் பழைய மாணவருக்குக் கௌரவ டாக்டர் பட்டம் வழங்கிற்று. 1912-இல் செலாண்டியா என்னும் டேனிஷ் கப்பல் நீராவியின் துணையின்றி டீசல் எஞ்சின்களாலேயே பாங்காக் வரை சென்று மீண்டது.

ரயிலுக்கும் அவ்வாண்டே முயன்றனர். டீசல், சுல்சர் நிறுவனம், குளோஸே என்னும் பொறியாளர் ஆகியோர் சேர்ந்து ஆயிரம் குதிரைச் சக்தி கொண்ட எஞ்சினைச் செய்து, வின்டர்தூருக்கும் ரோமன்ஸ்ஹார்னுக்கும் இடையே ஓட்டிப் பார்த்தனர். அஃது ஏன் நிலைக்கவில்லை என்பதை நம் ஷெட் நண்பர்கள் எளிதில் உணர்வர். நீராவி எஞ்சின் நின்ற இடத்திலிருந்தே முழு பலத்தோடு இழுக்கும். டீசல் எஞ்சின் முதலில் சுழன்றாக வேண்டும், சுழன்றால்தான் இழுக்கும். அவர்களோ சக்கரத்தை எஞ்சினோடு நேரே பிணைத்துவிட்டனர். நெருக்கிய காற்றால் வண்டியைக் கிளப்பி, வேகம் எடுத்த பின்னரே எண்ணெய் ஊட்ட வேண்டியிருந்தது. எஞ்சின் மின்சாரத்தை உண்டாக்க, மின்மோட்டார் சக்கரத்தைச் சுற்றும் ஏற்பாடு வந்த பின்னரே டீசல் ரயில் பெருவாரியாகப் பரவியது. 1964 ஜனவரியில் காசியிலிருந்து வெளிவந்த நம் நாட்டு எஞ்சினும் அவ்வகையினதே. முதல் டீசல் ரயில் எஞ்சின் எங்கும் வேலைக்குப் போகாமலே பழைய இரும்பாயிற்று.

இத்தனைக்கும் இடையே ஒரு கசப்பு மூண்டது. 1912 நவம்பரில் பெர்லினில் கப்பற் பொறியாளர் கூட்டத்தில் தம் எஞ்சின் பிறந்த வரலாற்றை டீசல் விரித்துரைத்தார். பேராசிரியர் சிலர் எழுந்து மறுத்தனர். நூலில் எழுதியது ஒன்று, ஓடுகிற எஞ்சின் வேறொன்று. எஞ்சினைச் செய்தது ஆவ்க்ஸ்பர்க் பட்டறையே ஒழிய இவரல்லர் என்றனர். ஆகேன் கல்லூரிப் பேராசிரியர் லூடர்ஸ், டீசல் புகழ் வெறுங்கட்டுக்கதை என்னும் கருத்தில் 1913-இல் ஒரு நூலே வெளியிட்டார். இங்கிலாந்தில் அக்ராய்டு ஸ்டூவர்ட் என்பார் முன்னரே எண்ணெய் எஞ்சின் செய்திருந்தார் என்பதும் எடுத்துக்காட்டப்பட்டது. ஸ்டூவர்ட்டின் எஞ்சினைக் கிளப்ப வெளியிலிருந்து சூடேற்ற வேண்டும். காற்றின் நெருக்கத்தாலேயே பற்றுவதன்று. ஆதலின் அவ்வாதத்தில் வலுவில்லை. முதல் வாதத்தில் பாதி உண்மை உண்டு. ஆனால் நமக்கு ஒன்று விளங்கவில்லை. பட்டறையார் அனைவரும் ஆண்டுக்கணக்காக அந்த வெடிக்கும் இரும்போடு மல்லாடியது எதை நம்பி? அந்த நம்பிக்கையை அங்கே கொண்டுவந்து இறக்கியவர் யார்?

1913 செப்டம்பர் 29-ஆம் நாள் மாலை, பெல்ஜியத்தின் ஆண்ட்வெர்ப் துறைமுகத்தில் டிரெஸ்டன் என்னும் கப்பலில் டீசல் ஏறினார். இங்கிலாந்தில் அவர் பெயரால் நடந்த கம்பெனியின் கூட்டத்துக்குப் போக வேண்டும். கப்பல் கிரேட் ஈஸ்டர்ன் ரயில்வேக்குச் சொந்தமானது, நீராவிக் கப்பல். நண்பர் இருவரோடு இரவு உணவு உண்டு, காலை 6-15 மணிக்கு எழுப்பச் சொல்லிவிட்டு அறைக்குச் சென்றார். காலையில் அறை வெறுமையாயிருந்தது. படுக்கை கலையவில்லை, இரவு உடை மடிப்புக் குலையாமல் இருந்தது. மேல்தளத்துக் கம்பியழியின் அருகே தொப்பியும் மேலங்கியும் கிடந்தன. நாட்குறிப்பில் அத்தேதிக்கு நேராக ஒரு சிலுவைக் குறி.

பத்து நாளுக்குப் பின் டச்சுப் படகு ஒன்று கடலில் ஓர் உடலைக் கண்டது. எடுத்துவரும் நிலையில் அது இல்லை. பையிலிருந்த மருந்துச் சிமிழ், பணப்பை, பேனாக்கத்தி, மூக்குக்கண்ணாடிக் கூடு ஆகியவற்றை மட்டும் எடுத்துக்கொண்டு உடலைக் கடலிலேயே விட்டனர். இளைய மகன் ஆய்கன் அவற்றைத் தந்தையாருடையவை என்று அடையாளம் கூறினார். கொலை என்று பத்திரிகைகள் பலவாறு கதை கட்டின. அவற்றுக்குச் சான்று ஏதும் கிடைக்கவில்லை. புறப்படுமுன் மனைவியிடம் ஒரு பையைக் கொடுத்து, ஒரு வாரம் கழித்தே திறக்கச் சொல்லியிருந்தார். திறந்தபோது அதில் 20,000 மார்க்கு ரொக்கமும், வங்கிக் கணக்குகள் ஏறக்குறைய ஒழிந்துபோனதைக் காட்டும் காகிதங்களும் இருந்தன. அப்போது அவருக்கு வயது 55.

ஷ்ரோட்டர் அளந்த 1897-ஆம் ஆண்டு எஞ்சின் மியூனிக் நகரத்து ஜெர்மன் அருங்காட்சியகத்தில் வைக்கப்பட்டுள்ளது. மகன் ஆய்கன் வளர்ந்து எழுத்தாளரானார். 1937-இல் தந்தையாரின் வரலாற்றைப் பெருநூலாக எழுதி வெளியிட்டார்.